கேள்வி – பதில்: கோப்ரேசால் மூன்று முறை

சென்ற இதழில் சிலி நாட்டுப் பயிற்சியாளர் மானுவல் பெல்லெக்ரினியைப் பற்றி ஒரே ஒரு பத்தி எழுதினேன். தடுப்பாட்டக்காரராகத் தொடங்கி, ரியல் மாட்ரிட்டிலும் மான்செஸ்டர் சிட்டியிலும் கோச்சாக இருந்து, எழுபது வயதைத் தாண்டியும் ஸ்பெயினில் ரியல் பெட்டிஸ் அணியை நடத்துபவர் என்று போகிறபோக்கில் சொல்லியிருந்தேன். மெஸ்ஸியைப் பற்றி நான்கு பக்கம் எழுதியபோதுகூட இவ்வளவு கடிதங்கள் வரவில்லை. ஆகவே இந்த வாரம் முழுக்க அவருக்கே.

அவரை ‘இன்ஜினியர்’ என்று அழைக்கிறார்களே, அது பட்டமா, பட்டப்பெயரா? (சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கும் வாசகர்)

இரண்டும்தான் தம்பி. உங்கள் படிப்பேதான், சிவில். 1979-இல் பட்டம் வாங்கினார். சுவையான விஷயம், அதை எங்கே வாங்கினார் என்பது.

அவர் ஆடியது சான்டியாகோவின் ‘உனிவர்சிதாத் தே சிலே’ அணிக்கு. ரசிகர்கள் செல்லமாக ‘லா ஊ’ என்பார்கள். 1973 முதல் 1986 வரை வேறு எந்த கிளப் சட்டையும் போடாதவர். ஆனால் படித்ததோ, கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில். அந்தப் பல்கலையின் பெயரைத் தாங்கிய ‘உனிவர்சிதாத் கத்தோலிகா’தான் லா ஊவின் பரம வைரி. இரண்டு அணிகளும் மோதும் ஆட்டத்துக்கே ‘பல்கலைக்கழக கிளாசிகோ’ என்றுதான் பெயர். வார நாளில் எதிரி வீட்டில் பாடம், ஞாயிற்றுக்கிழமை அதே வீட்டுக்காரர்களோடு சண்டை! திங்கட்கிழமை காலை வகுப்புக்குள் எந்த முகத்தோடு நுழைந்திருப்பார் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

தென் அமெரிக்காவில் இப்படிப் படித்த தடுப்பாட்டக்காரர்கள் கோச் ஆவது புதிதல்ல. 1990 உலகக் கோப்பைக்குக் கொலம்பியாவை அழைத்துப் போன பிரான்சிஸ்கோ மத்துரானாவும் ஸ்டாப்பர் பேக்தான், அதாவது நடுத் தடுப்பாட்டக்காரர். அவர் பல் மருத்துவர்.

ஆடுவதை நிறுத்தியது ஏன்? காயமா?

காயம் உடம்பில் இல்லை.

1986. லா ஊவுக்கும் கோப்ரேசாலுக்கும் ஆட்டம். கோப்ரேசால் என்பது அட்டகாமா பாலைவனத்தில் எல் சால்வடோர் என்ற தாமிரச் சுரங்க ஊரின் அணி. ஊர் ஜனத்தொகையைவிட மைதானத்தில் இருக்கைகள் அதிகம், அப்படி ஒரு ஊர். பந்து உயரே வருகிறது, லா ஊவின் கோல்கீப்பர் தட்டிவிடுகிறார். அது மறுபடி காற்றில் எழுகிறது. பெல்லெக்ரினிக்கு அப்போது முப்பத்து மூன்றை ஒட்டிய வயது. நல்ல உயரம், வாழ்நாளெல்லாம் இதே வேலையைச் செய்தவர். நிதானமாக எம்புகிறார், தலையால் வெளியே தள்ள. அவருக்கும் மேலே, வேறு ஒரு மாடியில், ஒரு தலை தெரிகிறது. இருபது வயதுகூட நிரம்பாத பையன். முட்டினான். கோல்.

அன்றே தீர்மானித்துவிட்டாராம், இனி இது நமக்கில்லை என்று. இவ்வளவு பொடியன் என்னைத் தாண்டி எகிறுகிறான் என்றால் நான் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்ற கேள்வி.

பொடியன் பெயர் இவான் ஜமோரானோ. 1994-95இல் ரியல் மாட்ரிட்டுக்காக 28 கோல் போட்டு ஸ்பானிய லீகிலேயே முதலிடத்தில் வந்தவர். தலையால் முட்டுவதில் அந்தக் காலத்தில் உலகிலேயே அவரை மிஞ்ச ஆளில்லை என்பேன். அந்தப் பையன் இப்படி ஆகப்போகிறான் என்று தெரிந்திருந்தால் ஓய்வு பெற்றிருக்கவே மாட்டேன் என்று பெல்லெக்ரினி பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

நானும் பள்ளி அணியில் ஸ்டாப்பர் பேக். என் தலைக்கு மேல் எகிறியவன் எவனும் ஜமோரானோ ஆகவில்லை. அந்த ஆறுதல்கூட எனக்கு இல்லை.

கோச்சான முதல் ஆண்டே அணியைக் கீழ் டிவிஷனுக்கு இறக்கிவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். 1989 என்று போட்டது தவறு, அது 1988 சீசன். (பழைய சந்தாதாரர்)

மன்னிக்கவும் ஐயா, நீங்கள் சொல்வதே சரி. சீசன் 1988-க்கு உரியது, கடைசி ஆட்டம்தான் 1989 ஜனவரி 15 அன்று நடந்தது. என்னைக் குழப்பியது அதுதான்.

ஆனால் அந்தக் கடைசி ஆட்டம் யாரோடு என்று நீங்கள் எழுதவில்லையே! கோப்ரேசாலோடு. சான்டியாகோ தேசிய மைதானத்தில், 2-2 டிரா. லா ஊவின் வரலாற்றிலேயே முதல் முறையாக இரண்டாம் டிவிஷன். பதின்மூன்று ஆண்டு அந்தச் சட்டையைத் தவிர வேறு போடாத மனிதர் கோச்சாக உட்கார்ந்திருந்த சீசனில் அது நடந்தது. அடுத்த ஆண்டே அணி மேலே ஏறி வந்துவிட்டது. ஆனால் அப்போது கோச் நாற்காலியில் அவர் இல்லை.

இத்தோடு மனிதர் கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு கட்டட வேலைக்குப் போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். போகவில்லை. பலெஸ்தீனோ, ஓஹிகின்ஸ் என்று சின்ன அணிகளில் முதலிலிருந்து ஆரம்பித்தார். அவருக்குக் குரு பெர்னாண்டோ ரியேரா, 1962 உலகக் கோப்பையில் சிலியை மூன்றாம் இடத்துக்குக் கொண்டுபோனவர். கோச் ஆகச் சொல்லித் தூண்டியதும் அவரே.

தலைப்பில் ‘மூன்று முறை’ என்று போடுவதாக அட்டையில் பார்த்தேன். மூன்றாவது எது?

அட்டையை முன்கூட்டியே படித்துவிடுகிறீர்கள்! சொல்கிறேன்.

1994-இல் பெல்லெக்ரினி வேலை பார்த்தது எதிரி வீட்டில். ஆம், படித்த இடத்துக்கே கோச்சாகத் திரும்பி, கத்தோலிகாவை நடத்தினார். லீக் கடைசி நாள் வரை போனது. முன்னால் ஓடியது யார்? லா ஊ. 1969-க்குப் பிறகு பட்டமே காணாத அணி. டிசம்பர் 18 அன்று எல் சால்வடோருக்குப் போய் ஒரு டிரா எடுத்தால் கோப்பை அவர்களுக்கு, தோற்றால் கதை மாறும். பின்தங்கியிருந்தார்கள். ஒரு பெனால்டி கிடைத்தது, பத்ரிசியோ மார்தோனெஸ் அடித்தார். 1-1. கால் நூற்றாண்டுக் காத்திருப்பு அந்தப் பாலைவனத்தில் முடிந்தது. பெல்லெக்ரினியின் கத்தோலிகா ஒரே புள்ளி வித்தியாசத்தில் இரண்டாமிடம்.

எதிரணி? அதே கோப்ரேசால்! முதல் முறை அவர்கள் கோல் போட்டு இவரை ஓய்வுபெற வைத்தார்கள். இரண்டாம் முறை டிரா செய்து இவர் அணியை இறக்கினார்கள். மூன்றாம் முறை, தோற்கடித்துத் தொலைக்காமல் டிரா செய்து இவர் கோப்பையைக் கெடுத்தார்கள். ஒரு மனிதரின் ஜாதகத்தில் ஒரு சுரங்க ஊருக்கு இவ்வளவு இடமா?

சிலி தேசிய அணிக்குக் கோச்சாக இருந்தாரா?

இல்லை.

அர்ஜென்டினாவில் சிலிக்காரரை ஏற்றுக்கொண்டார்களா? ஆண்டெஸ் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆகாது என்பார்களே.

ஆகாதுதான். அதனாலோ என்னவோ முதலில் ஈக்வடார் போனார். கீட்டோ நகரின் லீகா அணியோடு 1999-இல் லீக் பட்டம். கிட்டத்தட்ட 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர், மூச்சு வாங்கும். அங்கிருந்து புவனோஸ் ஐரஸின் சான் லொரென்சோ. 2001 கிளவுசுரா (சீசனின் இரண்டாம் பாதி லீக்) பட்டத்தை 47 புள்ளிகளோடு வென்றார்கள், பத்தொன்பதே ஆட்டங்களில்.

அதே ஆண்டு மெர்கோசூர் என்ற தென் அமெரிக்க கிளப் கோப்பையின் இறுதி, பிரேசிலின் பிளமெங்கோவோடு. ரியோவில் முதல் ஆட்டம் கோலின்றி முடிந்தது. இரண்டாவது டிசம்பரில் நடக்க வேண்டும். அந்த டிசம்பரில்தான் அர்ஜென்டினாவில் வங்கிக் கணக்குகளை முடக்கினார்கள். மக்கள் பானையும் கரண்டியுமாகத் தெருவில் இறங்கினார்கள், ஜனாதிபதி ஹெலிகாப்டரில் வெளியேறினார். கால்பந்தாவது ஒன்றாவது! இறுதி ஆட்டம் 2002 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. 1-1, பிறகு பெனால்டியில் வெற்றி. கிளப்பின் முதல் சர்வதேசக் கோப்பை அது. ஊரே பணத்தைத் தொலைத்து நின்ற மாதத்தில் அந்தப் பேட்டைக்காரர்களுக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் என்று நினைக்கிறேன்.

அடுத்து ரிவர் பிளேட்டில் 2003 கிளவுசுராவும் வென்றார். ஆனால் அதே ஆண்டு சுதமெரிகானா என்ற தென் அமெரிக்கக் கோப்பையின் இறுதியில் பெரு நாட்டின் சியென்சியானோவிடம் தோற்றார். ரிவர் ரசிகரிடம் அந்தப் பெயரை இன்றும் சொல்லிப் பாருங்கள்.

பெனால்டி என்றாலே எனக்கு எங்கள் வியாரியலுக்கு ஆடிய ரிகெல்மே ஞாபகம் வருகிறது. அந்த இரவைப் பற்றி எழுதுங்கள். (வியாரியல் ரசிகை)

நீங்கள் ஒருவர்தான் வியாரியல் ரசிகை என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

வியாரியல் ஸ்பெயினில் சுமார் ஐம்பதாயிரம் பேர் வாழும் ஊர், ஓடு செய்கிற தொழிற்சாலைகள் சூழ்ந்தது. 2004-இல் பெல்லெக்ரினி அங்கே கோச்சாகப் போனார். 2006-இல் அந்த அணி சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் நின்றது. கால் இறுதியில் இன்டர் மிலானை வெளியேற்றிய கோலைத் தலையால் போட்டவர் இடது பேக் அரூபர்ரேனா. அர்ஜென்டினாக்காரர், அவரும் பிற்பாடு கோச்சாகி போகா ஜூனியர்ஸை நடத்தினார்.

அரையிறுதி ஆர்சனலோடு. லண்டனில் 1-0 தோல்வி. ஏப்ரல் 25, சொந்த ஊரில் இரண்டாவது ஆட்டம். நான் அதை நடுநிசி தாண்டி, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, டிவி சத்தத்தைப் பூஜ்யத்தில் வைத்துப் பார்த்தேன். தொண்ணூறு நிமிடமும் வியாரியலின் மஞ்சள் சட்டைகள்தான் ஆடின. பந்து மட்டும் உள்ளே போகவில்லை. முடிய ஒன்றிரண்டு நிமிடம் இருக்கையில் ஹோசே மாரி விழுந்தார், நடுவர் பெனால்டி புள்ளியைக் காட்டினார்.

ரிகெல்மே பந்தை எடுத்து வைத்தார். சத்தம் இல்லாத டிவியில் ஒருவர் முகத்தை மட்டும் பார்ப்பது ஒரு தினுசான அனுபவம். அந்த முகத்தில் எப்போதுமே ஒரு சோர்வு இருக்கும். அன்று அது சோர்வா பயமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அடித்தார். ஆர்சனல் கோல்கீப்பர் லேமன் சரியான பக்கம் பாய்ந்து தட்டிவிட்டார். 0-0. முடிந்தது. நான் எழுந்து தண்ணீர் குடித்தேன், வேறென்ன செய்வது?

இதற்கு அடுத்த அத்தியாயத்தைத்தான் யாரும் கேட்பதில்லை. 2007 தொடக்கத்தில் பெல்லெக்ரினிக்கும் ரிகெல்மேக்கும் ஒத்துவரவில்லை. அணியின் உயிர்நாடி என்று உலகம் சொன்ன ஆட்டக்காரரை ஒதுக்கி, போகாவுக்கு அனுப்பினார்கள். ரிகெல்மே அங்கே போய் அதே ஆண்டு தென் அமெரிக்காவின் சாம்பியன்ஸ் லீக்கான லிபர்தடோரெஸ் கோப்பையைக் கிட்டத்தட்டத் தனியாளாகத் தூக்கினார். அப்படியானால் கோச் செய்தது தப்பா? அதே வியாரியல் ரிகெல்மே இல்லாமல் 2007-08 லீகில் 77 புள்ளிகளோடு இரண்டாமிடம் வந்தது. பார்சிலோனாவைவிடப் பத்துப் புள்ளி அதிகம்! அந்த அணியின் சென்னா, கப்தெவிலா, கசோர்லா மூவரும் அந்தக் கோடையில் ஸ்பெயினோடு யூரோ கோப்பை வென்றார்கள்.

இருவரும் சரி. அப்படியும் நடக்கும். என்னைக் கேட்டால் பெல்லெக்ரினியின் மிகப் பெரிய சாதனை மான்செஸ்டரில் வாங்கிய கோப்பை அல்ல, அந்த இரண்டாமிடம்தான்.

ரியல் மாட்ரிட்டில் தோற்றுப்போனவர்தானே? ஒரு வருடத்தில் துரத்திவிட்டார்களே.

96 புள்ளி எடுத்தவரைத் தோற்றவர் என்கிறீர்கள். 2009-10இல் பார்சிலோனா 99 எடுத்தது, அது அவர் குற்றமா? சரி, சாம்பியன்ஸ் லீகில் லியோனிடம் வெளியேறியதும், கோப்பை ஆட்டத்தில் மூன்றாம் டிவிஷன் அல்கோர்கோனிடம் 4-0 உதை வாங்கியதும் அவர் கணக்குதான், மறைக்க முடியாது. ஆனால் வைத்துக்கொள்ள விரும்பிய ரோபனையும் ஸ்னெய்டரையும் விற்றது கிளப். அந்த இருவரும் வேறு வேறு சட்டையில் அந்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக் இறுதியில் எதிரெதிரே ஆடினார்கள். அதுவும் மாட்ரிட்டின் சொந்த மைதானத்தில்! இதைவிட அழகான பழிவாங்கலை யாரும் திட்டமிட்டே செய்ய முடியாது.

தடுப்பாட்டக்காரர் கோச் ஆனால் கோல் விடாமல் காப்பதைத்தானே சொல்லித்தருவார்?

மான்செஸ்டர் சிட்டி 2013-14இல் லீகில் மட்டும் 102 கோல், எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 156. கோச் இவர்தான். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்து பிரீமியர் லீக் வென்ற முதல் கோச்சும் இவர்தான். காவல்காரனுக்குத்தான் பூட்டு எங்கே பலவீனம் என்று தெரியும்.

இன்ஜினியருக்குக் கணக்கு தப்பியதே, மியூனிக்கில்? (கணக்கு ஆசிரியை)

டீச்சர், விடமாட்டீர்களே!

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2013 டிசம்பர் 10, சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றின் கடைசி ஆட்டம். பெல்லெக்ரினியின் சிட்டிக்கு எதிராக, பன்னிரண்டு நிமிடத்துக்குள் மியூனிக்கின் பயர்ன் 2-0. சிட்டி திருப்பி மூன்று போட்டு 3-2 என முந்தியது. இரு அணிக்கும் 15 புள்ளி. முன்பு மான்செஸ்டரில் பயர்ன் 3-1 வென்றிருந்தது. இப்போது சிட்டி இன்னும் ஒரு கோல் போட்டால் 4-2, இரண்டு ஆட்டமும் சேர்த்து 5-5. அப்படிச் சமமானால் அடுத்தவர் மைதானத்தில் அதிக கோல் போட்டவர் மேலே; அது சிட்டிக்கு 4, பயர்னுக்கு 3. குழுவில் சிட்டி முதலிடம்!

ஒரே ஒரு கோல். ஆனால் கோல் போடுவதையே தொழிலாகக் கொண்ட அகுவேரோ கடைசிவரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு கோல் போதும் என்பது எனக்குத் தெரியாது என்று ஆட்டம் முடிந்தபின் கோச்சே ஒப்புக்கொண்டார். இரண்டாமிடத்தில் வந்ததால் அடுத்த சுற்றில் யார் வந்து வாய்த்தார்கள்? பார்சிலோனா. வெளியே.

மதிப்பெண் போட்டுவிடுங்கள் டீச்சர். மழுப்பாமல் ஒப்புக்கொண்டதற்கு மட்டும் இரண்டு மார்க் கூடப் போடலாம்.

மலாகாவை டார்ட்மண்டில் கொள்ளையடித்தார்கள். ஒத்துக்கொள்கிறீர்களா?

பாதி. அப்போது பெல்லெக்ரினி நடத்தியது ஸ்பெயினின் மலாகாவை. 2013 ஏப்ரல் 9, ஜெர்மனியின் டார்ட்மண்ட் அணியோடு சாம்பியன்ஸ் லீக் கால் இறுதி. தொண்ணூறாவது நிமிடத்தில் மலாகா 2-1 முன்னிலை, அரையிறுதி கண்ணுக்குத் தெரிகிறது. இன்ஜுரி டைமில் டார்ட்மண்டின் ரோய்ஸ் ஒன்று, சந்தனா ஒன்று. 3-2. சந்தனாவின் கோல் அப்பட்டமான ஆஃப்சைடு, ஒருவர் அல்ல, ஒரு கூட்டமே அந்தப் பக்கம் நின்றது. பெல்லெக்ரினி பொங்கியதைப் பார்த்த அபூர்வமான இரவு அது.

மீதிப் பாதி? மலாகாவின் இரண்டாவது கோல், எலிசேயு தொட்டது, அதுவும் ஆஃப்சைடுதான். இதை எழுதினால் மலாகாக்காரர்கள் என்னோடு பேச மாட்டார்கள்.

சீனா, வெஸ்ட் ஹாம் பற்றி?

சீனாவில் நல்ல சம்பளம். லண்டனின் வெஸ்ட் ஹாமில் 2019 டிசம்பர் கடைசியில் வேலை போயிற்று. அடுத்த கேள்வி.

பெட்டிஸில் அப்படி என்ன செய்துவிட்டார்?

2022 ஏப்ரல் 23, செவியா நகரில் ஸ்பானியக் கோப்பை இறுதி, வலென்சியாவோடு 1-1, பெனால்டியில் 5-4. கோப்பையைத் தூக்கியவர் நாற்பது வயது ஹோக்கின். பெட்டிஸ் அதற்கு முன் அந்தக் கோப்பையை வென்றது 2005-இல், அப்போதும் ஆடியவர் இதே ஹோக்கின். டார்ட்மண்ட் இரவில் மலாகாவின் முதல் கோலைப் போட்டவரும் அவர்தான்.

இந்த மனிதரிடம் ஆடியவர்கள் திரும்பத் திரும்ப அவரிடமே வந்து சேர்வது எனக்குப் பிடித்த விஷயம். மலாகாவில் வாலிபனாக ஆடிய இஸ்கோ, மாட்ரிட்டில் எல்லாம் வென்று ஓய்ந்தபின் 2023-இல் பெட்டிஸுக்கு வந்தார். தடுப்பாட்டக்காரர் தெமிசெலிஸ் ரிவரில், மலாகாவில், சிட்டியில் என்று மூன்று நாட்டில் இவரிடம் ஆடினார். பிறகு அவரும் கோச்சாகி 2023-இல் ரிவருக்கு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார்.

2025 மே 28, போலந்தின் விராட்ஸ்வாஃப் நகரில், ஐரோப்பாவின் மூன்றாம் நிலைக் கோப்பையான கான்பரன்ஸ் லீக் இறுதி, லண்டனின் செல்சியோடு. பெட்டிஸின் முதல் ஐரோப்பிய இறுதி. ஒன்பதாவது நிமிடம் இஸ்கோ ஒரு பாஸ் கொடுத்தார், எஸ்ஸல்சூலி அடித்தார். இடைவேளை வரை 1-0. பிறகு செல்சி நான்கு போட்டது.

அவர் ஆட்டத்தைப் புதிதாகப் பார்க்க ஆரம்பிக்கிறேன். எதிலிருந்து தொடங்க?

வியாரியல்–ஆர்சனல் இரண்டாவது ஆட்டத்திலிருந்து. பெனால்டிக்கு ஓட்டிவிடாதீர்கள், முதல் நிமிடத்திலிருந்து பாருங்கள். பந்து இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, பக்கவாட்டு நடுக்களக்காரர்கள் உள்ளே ஒதுங்குவதையும், காலியான ஓரத்தில் இரண்டு பேக்குகளும் ஏறுவதையும் கவனியுங்கள். டிவி சத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம், ஒன்றும் குறைந்துவிடாது.